பன்றி முதுகில் டைமன் அச்சு

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் என் மகளும் புது வீட்டில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், அத்தை சௌக்கியம், வீடு மாறி முடியும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் விட்டுப்போன பெண் பன்றியும் இன்று காலை முதல் சௌக்கியம். அதென்ன "இன்று காலை முதல்" என்று பதற வேண்டாம். உட்கார்ந்து படியுங்கள்.

திங்கட்கிழமை தவிடு கரைத்துக் கொண்டுபோனால் அவள் எழுந்திருக்கவே இல்லை. முதுகிலும் விலாவிலும் சிவப்பாக, சீட்டுக்கட்டில் இருப்பதுபோல் டைமன் டைமனாகத் தடம். நாற்பது வருஷம் துணியில் அச்சுக்கட்டை அடித்தவன் கண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? யாரோ என் பெட்டியைத் திறந்து டைமன் கட்டையை எடுத்துப் பன்றிமேல் அடித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர், நான் அடிக்கவில்லை, அதனால் நேரே உங்கள் அத்தையிடம் போய்க் கேட்டேன். "ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. தொட்டுப் பாருங்க, உடம்பு அனலாக் கொதிக்குது" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. சோப்பும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு தேய் தேய் என்று தேய்த்தேன். சாயம் இம்மியும் போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் அடித்த எந்தச் சாயமும் இப்படி நின்றதில்லை, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அத்தைதான் மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். அந்தம்மா ஒரு தடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். சிவப்பு மறைந்தது, விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. "ஐயா, எந்தச் சாயமாவது இப்படிப் போயிட்டு வருமா? ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா தேய்க்க நீங்க இருப்பீங்க, பன்னி இருந்திருக்காது" என்றார். காலையும் மாலையும் பென்சிலின் ஊசி. நான் துளியும் கலங்கவில்லை. சும்மா கடமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குள் பிரஷ் கீறிய என் விரல் செக்கச்செவேலென்று வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினால் அதே கிருமியாம், அதே பென்சிலினாம். அவளுக்கு வீடு தேடி வந்து போடுகிறார்கள், நான் மட்டும் வரிசையில் நிற்க வேண்டும், இது என்ன நியாயம் மாப்பிள்ளை? அவள் இன்று எழுந்து தவிட்டை நக்கிவிட்டாள், என் விரல் இன்னும் மடங்கவில்லை.

ஆகவே இந்த வயதில் எனக்கு இந்தப் பொறுப்பெல்லாம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து கூட்டிப்போய்விடுங்கள். எனக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உங்கள் புது வீட்டில் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வீங்கிய விரலோடு மாமா

பின்குறிப்பு: அத்தை எழுதறேன் மாப்பிள்ளை. அவர் தபால்தலை வாங்கப் போயிருக்கார். துளியும் கலங்கலையாம்! மூணு நாளும் பன்னி வாயில தவிடு இறங்காம இவர் வாயில சோறு இறங்கல. தடம் மறையறதுக்குள்ள அது முதுகுல காகிதத்தை வெச்சு வரைஞ்சு எடுத்தார். இப்ப அந்த விரலோட அதையே கட்டையில செதுக்கறார், "அவ ஞாபகமா இருக்கட்டும்"னு. வண்டி கொண்டுவராதீங்க. அவ ஏறினா இவரும் ஏறிடுவார், இவர் ஏறினா நானும் ஏறித்தான் ஆகணும். உங்க புது வீடு தாங்காது.