மாப்பிள்ளை போட்ட படமும் லாரியின் முன்சக்கரமும்

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நேற்று மாலையிலிருந்து லாரியும் நலம். உங்கள் நலத்தைப் பற்றி, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடித்தபிறகு எழுதினால் போதும்.

போன மாதம் உங்களையும் மகளையும் பஸ் நிலையம்வரை லாரியிலேயே கொண்டுவந்து விட்டேன் அல்லவா, வழியெல்லாம் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, முன்சக்கரத்துல பேரிங் ஊளையிடுதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றீர்கள். கல்லூரியில் கரும்பலகைக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற நீங்கள், முப்பத்தொரு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவனைப் பார்த்துக் கேட்டீர்கள். கேட்கிறது, வண்டி என்றால் நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் என்றேன். உடனே நான் பெற்ற பெண், "அப்பாவுக்குக் காது போயிடுச்சு, இனிமே லோடு ஏத்திக்கிட்டு ரோட்டுல போகவிடக் கூடாது" என்றாள். பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. எந்தச் சக்கரம் என்று நீங்கள் காட்டியது சரியென்றால் நான் காது டாக்டரிடம் வரவேண்டும், அவர் சரி சொல்லும்வரை லாரிச் சாவி அத்தையிடம் இருக்கும். தப்பென்றால் என் காதைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. வாயால் சொன்னால் மாமா சண்டைக்கு வருவார் என்று, லோடு ரசீதின் பின்பக்கத்தில் நீங்கள் ஒரு லாரிப் படம் போட்டு, ஒரு சக்கரத்துக்கு அம்புக்குறியும் வைத்துக் கொடுத்தீர்கள். அந்த லாரிக்கு இரண்டு கண், பல்லிளிக்கிற வாய் எல்லாம் இருந்தது. கல்லூரியில் இதற்கும் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது.

முந்தாநாள் உங்கள் அத்தையையும் கூட்டிக்கொண்டு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். எப்போதும் பல்லுக்கிடையில் ஒரு பின்னைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார், அது சக்கரத்துப் பின்னா பல் குத்துவதா என்று யாருக்கும் தெரியாது. "டிரைவர் பக்கம் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சத்தம் கூடுதுண்ணே. அப்ப பாரம் எதிர்ப்பக்கம் சாயுது. போனது கிளீனர் பக்கத்துப் பேரிங்தான். எதுக்கும் ஜாக்கி போட்டு ரெண்டையும் சுத்திப் பாத்துடுவோம்" என்றார். நான் உங்கள் படத்தை எடுத்து நீட்டினேன். அம்பு இருந்தது படத்தின் வலப்பக்கச் சக்கரத்தில், அதாவது டிரைவர் பக்கம். "பாக்கவே வேண்டாம், எங்க மாப்பிள்ளை படிச்சவர், அவர் சொன்னதை முதல்ல மாத்து" என்றேன். மரியாதைக்காகத்தான் சொன்னேன் என்று உங்கள் அத்தை நம்பினாள். உண்மையில், நீங்கள் காட்டியது தப்பென்று ஊரறிய நிரூபணமாக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்புறம் நேற்றுப் பூராவும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை மாப்பிள்ளை. ஹப்பு மூடி கழன்று உருண்டு எதிரே தையல் கடைக்குள் போய்விட்டது, தையல்காரர் அதைப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, ரெண்டு நாளா என் வாசலை மறிச்சு லாரி நிக்குதே அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க என்றார், அவரைச் சமாதானம் பண்ணித் திரும்பினால் நட்டு அசையவில்லை, ஸ்பானருக்குக் குழாய் மாட்டி அதன்மேல் நான் ஏறி நின்றேன், நட்டு திடீர்னு இளகிடுச்சு, நான் நேராப் போய் கிரீஸ் டப்பாவுல உட்கார்ந்தேன், உங்க அத்தை சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் வெளியே வந்த பழைய பேரிங் புதுசு மாதிரி மினுமினுன்னு இருக்கு! மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அன்றைக்குத் தீபம் ஏற்றாத குறைதான்.

புதுசைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். "சத்தம் அப்படியேதான் இருக்கு" என்றார் மெக்கானிக். பிறகு அவர் சொன்ன கிளீனர் பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஹப்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார், என் காதிலும் வைத்தார். இருவரும் தலையாட்டினோம். கழற்றினால் பேரிங் உருளையெல்லாம் சொறி பிடித்துக் கிடந்தது. மாற்றினோம். நட்டை இறுக்கி, பிறகு மயிரிழை தளர்த்திவிட வேண்டும், மாப்பிள்ளையை வைத்துக்கொள்வது போலத்தான், ரொம்ப இறுக்கினால் சூடாகும், ரொம்ப விட்டால் ஆடும். இரண்டாவது தடவை உங்கள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். அப்படி ஓர் அமைதி. அதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஆகவே ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சாவி என் இடுப்பில் இருக்கிறது, இனியும் அங்கேயே இருக்கும். மகளுக்கு என் முழு ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, அளவாக.

இப்படிக்கு,
இரண்டு காதும் கணீரென்று கேட்கிற
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உங்களை வெட்கப்படுத்த அந்தப் படத்தையும் கவரில் வைக்கப் போனேன். உங்கள் அத்தை அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க, லாரிக்குக் கண்ணு தெரியுதுன்னா அது நம்மளைப் பாத்துல்ல நிக்குது? அப்ப அம்பு காட்டுற இந்தப் பக்கம் கிளீனர் பக்கந்தானே?" என்றாள். வாசலுக்குப் போய் லாரிக்கு எதிரே படத்தைப் பிடித்துப் பார்த்தேன். கிளீனர் பக்கந்தான். அவள் கையை நீட்டினாள், சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மேலே எழுதியதை அடித்துத் திருத்தத் தெம்பில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். சத்தம் நின்றது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பியைக் காதில் வைத்தபோதும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மெக்கானிக் ஆட்டினார், நானும் ஆட்டினேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்குங்கள். பஸ்ஸில் வருகிறேன். அத்தையும் கூட வருவாள், கண்டக்டர் இறங்கச் சொன்னால் யாராவது எனக்குச் சொல்ல வேண்டுமே.