டெஸ்டிங்கு காருக்குப் பாட்டு வச்ச கத

அய்ய, பயப்புடாதம்மா! அது லாரியும் இல்ல, நெல்லு அறுக்குற மிசினும் இல்ல. நீ இந்தத் தெருவுக்குப் புச்சு, அதான் உனுக்குத் தெரியல. அது நம்ம டெஸ்டிங்கு காரு. புருசனும் பொஞ்சாதியும் ஏரிக்கரைக்குப் போறாங்க. போவ சொல்ல இப்டித்தான் காது கியியும். எறங்கி வர சொல்ல பாரு, அப்ப தெரியும் சேதி. அந்த மொறத்த இப்டித் தள்ளு, நான் பொடைக்கிறேன். நீ கல்லு பொறுக்கு.

எதுல உட்டேன்? ஆங், டெஸ்டிங்கு. தோ பாரும்மா, இந்த ஒலகத்துலயே தன் கல்யாணத்துக்குத் தானே மைக் செட்டு கட்டிக்கினு அலஞ்ச மாப்ள அவன் ஒருத்தன் தான். இன்னொருத்தன் இருந்தா இட்டாந்து காட்டு, என் காதுல கீற கம்மல கயிட்டித் தரேன்.

அவனுக்கு அவுங்க அம்மா வச்ச பேரு வேற. அது யாருக்கு நெனப்பு கீது? மைக்க கையில எடுத்தா "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" அப்டீம்பான். அதோட உட்டா பரவால்ல. எங்க ஓட்டயப் பாத்தாலும் குனிஞ்சி டெஸ்டிங் பண்ணுவான். கெணத்த எட்டிப் பாத்து ஹலோம்பான். புச்சா சோத்துப் பான வாங்கியாந்தா அதுக்குள்ள மூஞ்ச உட்டு ஹலோம்பான். ஒரு தடவ காச்சல்னு டாக்டரம்மாவாண்ட போயிருக்கான். அந்த அம்மா காதுல மாட்டிக்கினு இவன் நெஞ்சுல வட்டமா ஒண்ணு வச்சாங்களா? இவன் அத எடுத்து வாயாண்ட வச்சிக்கினு "ஹலோ, மைக் டெஸ்டிங்"னுட்டான். பாவம் அந்த அம்மா, நாற்காலியோட பின்னால போயிட்டாங்களாம். "காச்சல் எனுக்கா வந்திச்சி, அவுங்களுக்கா வந்திச்சி யக்கா"னு எங்கிட்டயே வந்து கேக்கறான்.

அவன் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மாப்ள மணையில குந்திக்கினு கீறான், கண்ணு மட்டும் மேல கம்பத்துல கட்டுன கொயா ஸ்பீக்கர் மேலயே கீது. ஐயரு தாலிய எடுத்துக் கையில குடுக்கறாரு, அப்பப் பாத்து ஸ்பீக்கரு "ஊஊய்"னு ஊளையுடுது. தாலிய கையில வச்சிக்கினே எழுந்து ஓடிட்டான்! ஒயர முறுக்கிட்டு வந்துதான் கட்டுனான். செரி அதுதான் போவட்டும். சாயங்காலம் ஊர்கோலம். ஜீப்ல பொண்ணு தனம் குந்திக்கினு கீது, பக்கத்துல மாப்ள மால ஒண்டியாக் கீது. மாப்ளய காணோம். எங்கடான்னு பாத்தா, பின்னால மாட்டு வண்டியில, பேட்டரிக்கும் பொட்டிக்கும் நடுவுல, ஒயரக் கையில புடிச்சிக்கினு வரான். தெருவுல கீற பொம்பளைங்க அல்லாரும் "இன்னா தனம், மாப்ள எங்க?"ன்னு கேக்குதுங்க. அது அந்த ஸ்பீக்கர கை காட்டி, "தோ, அங்க கத்திக்கினு கீறாரு பாருங்க"ன்னிச்சி. நாங்க சிரிச்சோம். அது சிரிக்கல.

அது மனசுல அப்டியே தங்கிடிச்சிம்மா. புள்ளைங்க பொறந்து, அதுங்களுக்குக் கல்யாணம் ஆயி, பேரப்புள்ள வந்தும் போவல. கொயம்புல உப்பு ஜாஸ்தின்னு இவன் சொன்னா, "ஊர்கோலத்துல ஒண்டியா குந்த வச்சவருக்கு உப்பு ஒண்ணுதான் கொறச்சலு"ம்பா. மய பேஞ்சி கூர ஒழுவுனாலும் அங்கதான் வந்து நிப்பா.

இப்டி இருக்க சொல்ல இவனுக்கு அறுவது வந்திச்சி. புள்ளைங்க அறுவதாங் கல்யாணம் பண்ணலாம்னு வந்து நிக்குதுங்க. தனம் முடியாதுன்னுட்டா. "ஒரு தடவ ஒண்டியா போயி வந்தது போதும்டா சாமி. இந்த ஆளு என் பக்கத்துல மொதல்லேருந்து கடசி வரிக்கும் குந்தணும். பாட்டு என் காதுல வியணும். ரெண்டும் நடந்தா நான் பொடவ கட்டறேன். இல்லன்னா அந்த ஸ்பீக்கருக்கே தாலி கட்டச் சொல்லுங்க."

புள்ளைங்க சிரிச்சிக்கினு பூட்டுதுங்க. டெஸ்டிங்கு சிரிக்கல. நாஷ்டா கூட துன்னாம நம்ம வேப்ப மரத்தாண்ட வந்து குந்திக்கினு, "யக்கா, அவ மெய்யாலுமே வர மாட்டாளா?"ன்னான். "வர மாட்டாடா"ன்னேன். "செட்டு ஒரு எடம், நான் ஒரு எடம் இருந்தா எனுக்கு உசுரு நிக்காதே யக்கா"ன்னான். ரவ நேரம் மண்ணுல குச்சியால கீறிக்கினு இருந்தான். அப்பால ஒரே துள்ளு துள்ளி எழுந்தான். "செட்டும் நானும் அவளும் ஒரே வண்டியில இருந்தா?"

வண்டி எங்கேருந்து வந்திச்சின்னு கேக்கறியா? அவன் மைக் செட்டுக் கொட்டாயில பாதிய மெட்ராசுலேருந்து வந்த ஒரு சாரு வாடகைக்கு வாங்கி வச்சிருந்தாரு. காரு வாங்குறவங்கள பாத்திருக்கேன். காரு கட்டுறவர அப்பத்தான் பாத்தேன். சக்கரம் ஒரு பொட்டியில, கண்ணாடி ஒரு பொட்டியில, ஒடம்பு ஒரு பொட்டியில வருது. அல்லாத்தயும் கட்டில் மூட்டுறாப்பல மூட்டிக்கினு இருந்தாரு. முக்காவாசி ஆவ சொல்ல அவருக்கு வெளிநாட்டுல வேல வந்துடிச்சி. "நீயே வச்சிக்கோய்யா, அறுவதுக்கு என் சீரு"ன்னு இவன் கையில சாவியக் குடுத்துட்டுப் பூட்டாரு. மீதிய இவனே மூட்டுனான்.

காராம்மா அது? தவள குந்திக்கினு கீறாப்பல இத்துனூண்டு. கூர இல்ல. ரெண்டே சீட்டு. கால நீட்டிக்கினு தரையோட தரையா குந்தணும், தெரு நாயி நம்ம மூஞ்சிக்கு நேரா நின்னு மோந்து பாக்குது. சத்தம் மட்டும் ரைசு மில்லு சத்தம். பெரிய ரோட்டுக்குப் போனா போலீசு புடிப்பாங்கன்னு தெருவோட, ஏரிக்கரையோட சரி.

"ரெண்டு சீட்டு தாம்மே. நான்தான் ஓட்டணும். எங்க ஓடிப் போவேன்?"னு தனத்தாண்ட சொன்னான். அவ காருக்குள்ள எட்டிப் பாத்தா. "பாட்டு எங்க?"ன்னா. அங்க ஆரம்பிச்சிச்சி பேஜாரு.

மொதல்ல கொயா ஸ்பீக்கர பின்னால கட்டுனான். மைக்க எடுத்து, "தனம், கேக்குதா?"ன்னான். தெருவே வெளிய வந்து "கேக்குதுடா!"ன்னிச்சி. உள்ள குந்திக்கினு கீற தனம் மட்டும், "யோவ், இன்னா வாய வாய ஆட்டற?"ன்னா.

செரின்னு கொயாவ கயிட்டிட்டு ரெண்டு பொட்டி ஸ்பீக்கர காலு வைக்கிற எடத்துல சொருவுனான். இப்ப பொட்டிக்கு எடம் கீது, காலுக்கு எடம் இல்ல. தனம் சம்மணம் போட்டுக்கினு குந்துனா. ஆம்ப்ளிபயர எங்க வைக்கிறது? சீட்டுக்கு அடியில வச்சான். ரவ நேரம் பாட்டு ஓடுனதும் அது சூடாயிப் போச்சு. "ஏன்யா, அடுப்பு மேல குந்த வச்சியா? மாவு கொண்டாந்து ஊத்து, இட்லியாவது வேவட்டும்"னு எகிறி எறங்கிட்டா.

அப்பால அத எடுத்து முன்னால இன்னாத்துக்குள்ளயோ தொங்க உட்டான். இப்ப எஞ்சினப் போட்டா பாட்டுக்கு நடுவுல "ஙொய்ய்ங்"னு ஒரு சத்தம். வண்டி வேகமாப் போனா அதுவும் மேல ஏறுது, மெதுவாப் போனா எறங்குது. எங்க வூட்டு ஆடு அதக் கேட்டுட்டு குட்டி கூப்புடுதுன்னு கயித்த அறுத்துக்கினு ஓடிச்சி. இவன் தலையச் சொறிஞ்சான். "எர்த்து பத்தல யக்கா"ன்னான். இவன் பழக்கம் இன்னா? கல்யாணத்துல செட்டு கட்ட சொல்ல தரையில கம்பி அடிச்சி, தண்ணி ஊத்தி, எர்த்து எடுப்பான். காரு தான் ஓடுதே, கம்பிய எங்க அடிப்பான்? எங்க கெணத்துச் சங்கிலிய காருக்குப் பின்னால கட்டி, நுனியில ஒரு கோணிய நனைச்சி முடிஞ்சி, தரையில இஸ்துக்கினே போனான்!

அன்னிக்குப் பாத்து பக்கத்துத் தெரு கோதண்டம் ரோட்டுல வைக்கோலு பரப்பி காய வச்சிருக்கான். இவன் இந்தக் கோடியில பூந்து அந்தக் கோடியில வெளிய வரான். சங்கிலி வைக்கோல வாரிக்கினு வருது. பின்னால ஒரு வைக்கப் போரே வருதும்மா! அதத் துன்னுக்கினே கோதண்டத்து மாடு வருது. மாட்டப் புடிக்க கோதண்டம் வரான், கொம்ப தூக்கிக்கினு. இவனுக்கு எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஊரு பின்னால வருதுன்னு கைய ஆட்டி கும்புடு போட்டுக்கினே போறான்!

ஆட்டோ ஓட்டுற பையன் ஒருத்தன் குறுக்க நிறுத்தி, "அண்ணே, வண்டி ஒடம்பு இரும்பு இல்ல, பைபரு. அதுல எர்த்து வராது. பேட்டரிலேருந்தே ஒரு தனி ஒயரு இஸ்துக்கோ, போதும்"னான். இஸ்தான். ஙொய்ங்கு நின்னுடிச்சி. சங்கிலிய மட்டும் கெணத்துக்குத் திருப்பிக் குடுக்கல, பாரு. அதுக்கு என் மருமவ இன்னும் அவனத் திட்டறா.

ஆனா ரைசு மில்லு சத்தத்துக்கு இன்னா பண்ணுவான்? பாட்ட ஒசத்துனா கதவு போல்ட்டு கயண்டு மடியில வியிது. கடசியா சின்னதா ரெண்டு ஸ்பீக்கரு வாங்கியாந்து, சீட்டுல தல சாயற எடத்துல மெத்தையக் கிழிச்சி உள்ள வச்சித் தச்சான். காதுக்கு ஒண்ணு. தனம் குந்திப் பாத்தா. எஞ்சின் ஓடல, பாட்டு மட்டும் ஓடிச்சி. மூஞ்சி ரவ மலந்திச்சி. "செரி, பொடவ கட்டறேன்"னா. எஞ்சினோட கேட்டுப் பாக்கல. அவனும் சொல்லல. பயம்.

கோயில்ல ரெண்டாந்தரம் தாலிய கையில வச்சிக்கினு எங்கயும் ஓடாம கட்டுனான். சாயங்காலம் ஊர்கோலத்துக்கு நின்னோம். அவன் வேட்டிக்கும் அவ பொடவைக்கும் முடிச்சு போட்டுக் கீது. சாமந்தி மால ரெண்டு பேரு மூஞ்சியயும் மறைக்கிது. விருந்து வைக்கிற மண்டபத்து மைக் செட்ட அவன் தங்கச்சி புள்ள பாத்துக்கறான். அவுங்க மொத கல்யாணத்துல போட்ட அதே பாட்ட காருல போட்டான் டெஸ்டிங்கு. தனம் கண்ண மூடிக்கினு தல சாஞ்சா.

எஞ்சினப் போட்டான். அவ்ளோதான். பாட்ட எஞ்சின் முழுங்கிடிச்சி.

தனம் கண்ணத் தொறந்தா. நான் கிட்டக்க தான் நிக்கிறேன். அந்த மூஞ்சி எனுக்குத் தெரியும்மா, அன்னிக்கு ஜீப்ல பாத்த அதே மூஞ்சி. இவன் எதயோ திருவறான், கதவு போல்ட்டு வியிது. வியர்வ வேற ஊத்துது. அறுவது வயசு ஆளு, அழுதுருவான் போலக் கீது. அவ ஏதோ சொல்றா, இவனுக்குக் கேக்கல. மறுபடி சொல்றா, கேக்கல. எட்டி சாவியத் திருப்பி புடுங்கிட்டா!

எஞ்சின் நின்னுடிச்சி. பாட்டு நிக்கல. தெருவுல ஒரு சத்தம் இல்ல, அந்தப் பாட்டு மட்டும் சன்னமா, ரெண்டு பேரு காதாண்ட ஓடிக்கினு கீது.

"இன்னாமே பண்ண? வண்டி எப்டி நவுரும்?"ன்னான்.

"நவுத்த ஊரே நிக்கிது. நீ குந்து."

நான்தாம்மா மொதல்ல கை வச்சேன். அப்பால கோதண்டம் வந்தான், வைக்கோலு கோவத்த மறந்துட்டு. அப்பால அல்லாரும். தவள மாதிரி காரு, நல்லா உருளுது. தள்ளிக்கினே போறோம். மேளக்காரங்க கூட வாசிக்காம, பாட்டக் கேட்டுக்கினே பின்னால நடந்து வந்தாங்க.

கோயில் மூலையில திரும்ப சொல்ல, மண்டபத்துலேருந்து ஸ்பீக்கரு "ஊஊய்"னு ஊளையுட்டுதே பாரு! டெஸ்டிங்கு கை சீட்ட ஊணிடிச்சி. பாதி ஒடம்பு எழுந்துடிச்சி. தனம் முன்னால பாத்துக்கினே, முடிச்சு போட்ட பொடவ முந்தானிய லேசா இஸ்தா. அவ்ளோதான். அவன் மண்டபத்தப் பாத்தான். அவளப் பாத்தான். அந்த ஸ்பீக்கரு ஊளையுட்டுக்கினே கீது.

குந்திட்டான்மா. அது பாட்டுக்கு ஊளையுடட்டும்னு குந்திட்டான். அவன் பொறந்ததுலேருந்து அப்டி ஒரு சத்தத்தக் கேட்டும் எழுந்திரிக்காம இருந்தது அன்னிக்குத்தான். அப்பால மாலைய ரவ வெலக்கிட்டு, அவ காதாண்ட குனிஞ்சி, "ஹலோ... கேக்குதா?"ன்னான்.

"கேக்குது"ன்னா. அப்பத்தான் சிரிச்சா. எத்தினி வருசத்துச் சிரிப்பு அது! பின்னால தள்ளிக்கினு இருந்த எனுக்கு கண்ணுல தண்ணி வந்துடிச்சி. சாமந்திப் பூவு கண்ணுல பட்டிருக்கும்.

அதுலேருந்து வெள்ளிக்கெயம ஆனா இது தான். எஞ்சினப் போட்டுக்கினு காது கியிய கரை மேல ஏறுவாங்க. எறக்கத்துல எஞ்சின நிறுத்திட்டு, பாட்டக் கேட்டுக்கினே சோக்கா உருண்டு வருவாங்க. பாட்டு பேட்டரிய அல்லாம் துன்னுடும், அப்பால எஞ்சின் கெளம்பாது. தெரிஞ்சே பண்ணுதுங்க, கேட்டா ரெண்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சிக்கும். ஸ்...! கம்முனு இரு. கேக்குதா? தோ, எறங்கிட்டாங்க.

மொறத்த அப்டியே வையி, அரிசி எங்கயும் ஓடாது. கோயி வந்து கொத்தாம ஒரு தட்டப் போட்டு மூடு. வா, வண்டிய நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன். அவங்க வூடு வரிக்கும் தான். பாத்து, மெதுவாத் தள்ளும்மா, பாட்டு இன்னும் முடியல.