ஒரே ஒரு பிரதி

"திருட்டுப் பயலுக்குக் கீழறையை வாடகைக்கு விட்டேனே, என்னைச் சொல்லணும்!"

வீட்டுச் சொந்தக்காரி ஆர்டிஸ் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர்கூட மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"நான் எந்தப் படத்தையும் இறக்கல, ஆர்டிஸ்," என்றான் டெரிக். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பையன், அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"அப்ப இதென்ன? இணையக் கம்பெனி போட்ட மூணாவது கடுதாசி! அடுத்தவங்க படைப்பை என் இணைப்புலேருந்து யாரோ பகிர்றாங்களாம். இன்னொரு தடவை நடந்தா வெட்டிடுவாங்களாம்!"

"எந்தப் படைப்புன்னு போட்டிருக்கா?"

"அது முதல் ரெண்டுல இருந்துதாம். ஏதோ மோசடின்னு அடுப்புல போட்டுட்டேன்."

டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்வதுதான் ஆர்டிஸின் பிழைப்பு. மினசோட்டாவின் அந்த மூலைக்கு இருப்பதே ஒரே ஒரு இணையக் கம்பெனி. இணைப்பு போனால் வேலையும் போகும்.

டெரிக் மேசைமேல் கிடந்த பாட்டுத் தாள்களை ஒருமுறை பார்த்தான். "யாராவது தெரியாம செஞ்சிருக்கலாம். அதுக்காக ஒருத்தர் பிழைப்பையே வெட்டறது நியாயமா?"

"ஒண்ணு எடுத்தாலும் திருட்டுதான்! படைச்சவங்க வயித்துக்கு யாரு பதில் சொல்றது?"

"படைச்சவங்களே மன்னிச்சிட்டா?"

"அவங்க மன்னிக்கட்டும். நான் மன்னிக்க மாட்டேன்!"

அன்று மாலையே அவன் பெட்டியோடு அடுத்த தெரு பெவர்லி வீட்டு மாடிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் ஆர்டிஸுக்கு உறைத்தது: அவள் நடத்தும் தேவாலயப் பாடகர் குழுவில் உச்சக்குரல் எடுக்கக்கூடிய ஒரே ஆண் அவன்தான். ஈஸ்டருக்கு இருந்ததோ இரண்டு வாரம்.

பாடப்போவது புதுப் பாட்டு வேறு. கிறிஸ்துமஸுக்கு டெரிக்கே அவளுக்குப் பரிசாகக் கொடுத்தது. அந்த ஒரு பிரதியை ஸ்கேன் செய்து, முப்பது பேரும் பனியில் வழுக்கி விழாமல் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று தன் கணினியில் திறந்து வைத்திருந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் இதெல்லாம் திருட்டில் சேராது, சிக்கனத்தில் சேரும்.

'உச்சக்குரல் ஆள் ஒருவரை அனுப்பி உதவவும், பாட்டு இங்கே இருக்கிறது' என்று சுற்றுவட்டாரத்துத் தேவாலயங்கள் நான்குக்கும் அந்தக் கோப்பை அனுப்பினாள். ஆள் ஒருவரும் வரவில்லை. பாட்டு மட்டும் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

கம்பெனிக்கும் ஒரு கடிதம் தட்டினாள்: 'திருடனை வெளியேற்றிவிட்டேன். இப்படிச் செய்பவர் யாராயிருந்தாலும் இரக்கம் காட்டாதீர்கள்.'

எட்டாம் நாள் கம்பெனிப் பெண்ணிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மேடம், இன்னிக்கு உங்க இணைப்பை வெட்டறோம். இந்த வாரம் மட்டும் அறுபது தடவை போயிருக்கு."

"அவன்தான் போயிட்டானே! அப்படி என்னம்மா படம் அது?"

"படம் இல்ல மேடம், ஈஸ்டர் பாட்டு. புகாரோட நகல் வந்திருக்கு. நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் கையால எழுதியிருக்கு: 'ஆர்டிஸின் பிரதி. கேட்காமல் எடுக்காதீர்கள்.'"

ஆர்டிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "கொஞ்சம் இரக்கப்பட்டு..."

"உங்க கடிதமும் இங்கதான் இருக்கு மேடம்."

வேலை போயிற்று. இப்போது ஆர்டிஸ் பள்ளிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறாள். ஈஸ்டருக்குப் பழைய பாட்டையே, உச்சக்குரல் இல்லாமல் பாடி முடித்தார்கள்.

ஜூனில் டெரிக்குக்கும் பெவர்லியின் மகள் கிர்ஸ்டனுக்கும் கல்யாணம். மறுநாளே இருவரும் ஃபார்கோ நகரத்துக்குக் குடிபோவதாக ஏற்பாடு. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த கல்யாண விருந்துக்கு ஆர்டிஸும் உருளைக்கிழங்குப் பதார்த்தத்தோடு போனாள்.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா உங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். சொல்லாம இருந்தா..." என்று இழுத்தவன், அயோவாவிலிருந்து வந்திருந்த தன் அம்மா லோர்னாவைப் பார்த்துவிட்டு நழுவினான்.

ஆர்டிஸ் லோர்னா பக்கம் திரும்பினாள். "ஒரு பாட்டுக்காக என் பிழைப்பையே கெடுத்துட்டாங்க. எழுதினவளுக்குக் கல்நெஞ்சுதான், இல்லையா?"

லோர்னா காப்பிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"புகார் கொடுத்தது பதிப்பகம், எனக்கே அப்புறம்தான் தெரியும். பாட்டுல எழுதினவங்கன்னு போட்டிருக்கிறது என் பொறந்த வீட்டுப் பேரு. உங்க பக்கத்து நாலு தேவாலயத்துலயும் என் பாட்டைப் பாடறாங்கன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம். ஆனா வித்தது என்னவோ ஒரே ஒரு பிரதி. அதையும் காசு குடுத்து வாங்கினது என் பையன்."