சம்பந்தி கடல் தாண்டி அனுப்பிய சீர்

உலகில் எந்தத் தகப்பனுக்கும் அத்தனை மாப்பிள்ளைகள் வாய்த்ததில்லை. வட ஆற்காடு மாவட்டத்தில் பாதிப் பேர் அவருக்கு மாப்பிள்ளைகள். மீதிப் பேர் அந்த மாப்பிள்ளைகளுக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனவர்கள். இத்தனைக்கும் அவருக்கு மகள் கிடையாது. மகனும் கிடையாது. கல்யாணமே செய்துகொள்ளாதவர். திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார், அவ்வளவுதான்.

எழுபதுகளில் சைக்கிள் என்பது முழு வண்டியாக வந்து இறங்குவதில்லை. பிரேம் தனி, ரிம் தனி, செயின் தனி. கடைக்காரர்தான் பூட்டித் தரவேண்டும். நம்மவர் அதைப் பூட்டுவதாகச் சொல்லமாட்டார், வளர்ப்பதாகச் சொல்வார். வளர்ந்து ஆளான வண்டியை விற்பதாகவும் சொல்லமாட்டார், கட்டிக்கொடுப்பதாகச் சொல்வார். வாங்குகிறவர் மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேலியாகச் 'சம்பந்தி' என்று கூப்பிடத் தொடங்க, அவருடைய இயற்பெயரைக் கடைசியில் அவரே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கையில் பணம் இருந்தால் மட்டும் அவரிடம் வண்டி கிடைத்துவிடாது. விசாரணை நடக்கும்.

"குடிப்பியா?"

"இல்லீங்க."

"ராத்திரில எங்க நிறுத்துவ? மழைல வுட்டுடுவியா?"

"ஊட்டுக்குள்ளதாங்க."

"கேரியர்ல நெல்லு மூட்ட ஏத்துவியா?"

இந்த இடத்தில் உண்மை பேசிய விவசாயிகள் பலர் போளூர் சென்று வேறு கடையில் வண்டி வாங்கினார்கள். வசதிமிக்க சாராயக் காண்டிராக்டர் ஒருவர் முழுப் பணத்தையும் மேசைமேல் வைத்துக் கேட்டபோது, "எம் பொண்ணு அந்த ஊட்டு வாசல்ல நிக்கமாட்டா" என்று சம்பந்தி பணத்தைத் தள்ளிவிட்டதை நானே கண்டேன்.

கட்டிக்கொடுத்தபின் கைகழுவும் வழக்கமும் அவருக்கு இல்லை. ஆடிக்கு எண்ணெய், தீபாவளிக்குப் புது மணி, பொங்கலுக்குச் சீட்டுக்கு உறை என்று ஒவ்வொரு வண்டிக்கும் சீர் போகும். தேய்ந்துபோகும் சாமான் எதுவானாலும் அவர் செலவு.

நானும் அவருடைய மாப்பிள்ளைகளில் ஒருவன் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அப்போது நான் தலைமைத் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் பெரிய கல்லூரியொன்றில் பட்டம் பெற்றவன். மடிப்புக் கலையாத சட்டையோடு அலுவலகம் செல்பவன். கோயிலுக்குப் போகிற கூட்டமெல்லாம் வேடிக்கை பார்க்க, வீதியின் எதிர்ப்புறத்திலிருந்து அந்தக் குரல் வரும்.

"மாப்ள சார்! செயின் அழுவறது உங்களுக்குக் கேக்கல? எம் பொண்ண இப்படியா வெச்சிருப்பீங்க?"

ஒருநாள் எங்கள் போஸ்ட்மாஸ்டர் என்னைத் தனியே அழைத்து, "ஏம்ப்பா, கல்யாணம் ஆனத எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லியே?" என்று வருத்தத்தோடு கேட்டார். அன்று முதல் ஒரு மாதம் நான் மாடவீதியைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனேன்.

இந்த நிலையில்தான் செங்கம் சாலையில், ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஜெர்மானிய இளைஞர் ஒருவர் சம்பந்தியின் கடைக்கு வந்தார். நம்மூர் வாசற்படிகளில் எல்லாம் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். ஊர் அவருக்கு 'நெட்டைத் துரை' என்று பெயர் சூட்டியிருந்தது.

"தொர, குடிப்பியா?" என்று சம்பந்தி வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"டீ, டீ" என்றார் துரை.

சம்பந்தம் முடிந்துவிட்டது.

துரை அந்தக் கறுப்பு வண்டியில் மலையை எத்தனை முறை சுற்றினார் என்பதற்கு அடி அண்ணாமலை நாய்கள்தாம் சாட்சி. ஒரு வருடம் கழித்து நண்பர்களோடு வேனில் தரைவழியாகவே ஜெர்மனிக்குப் புறப்பட்டார். சைக்கிளை வேன் கூரைமேல் வைத்துக் கட்டினார்கள். சம்பந்தி அதன் ஹேண்டில்பாருக்கு மாலை சூட்டி, எலுமிச்சம்பழம் கட்டி, குங்குமம் வைத்தார். வேன் திரும்பி மறையும்வரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்து டீக்கடை கோவிந்தன் கூடக் கேலி செய்யாமல் இருந்த ஒரே நாள் அது.

பல மாதங்களுக்குப் பிறகு துரையிடமிருந்து ஓர் அஞ்சல் அட்டை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் படித்துச் சொன்னேன். பெடல் கட்டை பூட்டும் இரும்புக் கையும், அதோடு சேர்ந்த செயின் வீலும் முறிந்துவிட்டன. அவர் ஊரில் எந்தக் கடையிலும் இந்த அளவில் கிடைக்கவில்லை. வண்டி நிலவறையில் கிடக்கிறது. அடுத்த ஏப்ரலுக்குள் அந்த வீட்டைக் காலி செய்யவேண்டும், அதற்குள் வண்டி ஓடாவிட்டால் வீட்டுக்காரர் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்.

சம்பந்தியின் முகம் வெளுத்துவிட்டது. "பழைய இரும்புக்கா? எம் பொண்ணா?"

மறுநாளே என் முன்னால் ஒரு மூட்டையோடு வந்து நின்றார். பிரித்துப் பார்த்தேன். செயின் வீல், இரும்புக் கைகள், மஞ்சள் கிழங்கு, கண்ணாடி வளையல், வெற்றிலை பாக்கு, இரண்டு பொட்டலம் விபூதி.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"சீர் மாப்ள சார். வெறும் இரும்ப எப்படி அனுப்பறது?"

வெள்ளைப் பொடியைப் பொட்டலம் கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அங்கே என்னவென்று நினைப்பார்கள் என்பதை அவருக்கு விளக்க நான் பெரும்பாடு பட்டேன். முடிவில் இரும்புச் சாமான் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிட ஒப்புக்கொண்டு, செயின் வீலை மட்டும் ஒரு சரிகைக் கரை ரவிக்கைத் துண்டில் சுற்றினார். அதைத் தடுக்கத் தபால் சட்டத்தில் விதி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

துணி தைத்து அரக்கு முத்திரையும் வைத்தாயிற்று. சுங்கப் படிவத்தில் பொருளின் மதிப்பை எழுதவேண்டும். கேட்டேன். சம்பந்தி வரிசையில் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். பிறகு தபால் நிலையம் முழுதும் கேட்கும்படி ஒரு தொகையைச் சொன்னார். அது ஏறக்குறைய ஒரு பவுன் தங்கத்தின் விலை.

"இதோட உண்மையான வெல என்னங்க?"

"அது எதுக்கு உங்களுக்கு? சீர்த்தட்ட நடு ஊட்ல வெச்சிட்டு, நாலு பேரு எதுர்ல கம்மியாவா சொல்லுவாங்க? ஜாஸ்திதான் சொல்லணும்."

"நீங்க எழுதற வெலைக்குத்தான் அந்த ஊர்ல வரி போடுவான். கட்டப்போறது தொர."

"மாப்ள ஊட்டுக்காரங்க பாத்துக்குவாங்க. எழுதுங்க சார்."

வரிசையில் நின்ற பெண்மணி ஒருத்தி, "பெத்தவரு சொல்றாரு, எழுதேன்யா" என்று என்னை அதட்டினாள். பொருளின் மதிப்பை அறிவிப்பது அனுப்புநரின் பொறுப்பு என்பது விதி. எழுதினேன்.

விளைவு நான் எதிர்பார்த்ததுதான். பல மாதம் கப்பலில் போன பார்சலுக்கு, ஒரு பவுன் விலைக்கு உரிய வரியைக் கேட்டிருக்கிறார்கள். துரையிடம் அவ்வளவு பணம் இல்லை. பார்சல் வந்த வழியே கடலைத் தாண்டித் திரும்பிவிட்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மெட்ராசில் இறங்கிய பார்சலைச் சுங்க அதிகாரி ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதால் இறக்குமதி வரி கட்டவேண்டுமாம். சம்பந்தி பஸ் ஏறிப் போனார். அங்கே நடந்ததை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன்.

"அய்யா, இது எங்கூரு சரக்கு, எங்கடைலர்ந்து போனதுன்னேன். படிவத்த எடுத்து மூஞ்சிக்கு நேரா காமிக்கிறாரு மாப்ள சார். 'இந்த வெலைக்கு நம்ம நாட்ல ஏதுய்யா செயின் வீலு? இது பாரின் சரக்குதான்'ங்கறாரு. நான் இன்னா சொல்லுவேன்? எழுதுனது நம்மதானே!"

அது இங்கிருந்து போன பொருளே என்று நான் பதிவேட்டைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தபின், மூன்றாவது பயணத்தில்தான் பார்சல் அவர் கைக்கு வந்தது. தேரடியில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அதைத் துண்டால் மூடி எடுத்து வந்தார். சீர் திரும்பி வருவதைவிடப் பெரிய அவமானம் ஒரு தகப்பனுக்கு உண்டா? ஆனால் கோவிந்தனின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இன்னா சம்பந்தி, சீர் புடிக்கலயாமா? தட்டோட திருப்பிட்டாங்களா?"

சம்பந்தி பதில் சொல்லாமல் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பதில் சொல்லாதது கோவிந்தனையே கலவரப்படுத்திவிட்டது. கேட்காமலேயே ஒரு டீ கொண்டுபோய் வைத்தான்.

காலமோ கடந்துகொண்டிருந்தது. துரை வீட்டைக் காலி செய்ய இன்னும் சில வாரங்களே இருந்தன. கப்பலில் அனுப்பினால் வண்டி இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் செயின் வீல் போய்ச் சேரும். விமானத்தில் அனுப்ப என்ன ஆகும் என்று கேட்டார். நிறுத்துப் பார்த்துச் சொன்னேன். கனத்த இரும்பு அல்லவா? அந்தக் கட்டணத்துக்கு இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம். நான் அதையும் சொன்னேன்.

"வேற சைக்கிளு வாங்கலாம் மாப்ள சார். இவ ஒருத்திதானே இவ?"

நான் கட்டணப் பட்டியலை மூடிவைத்தேன்.

அந்த வாரமே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த வண்டிகளில் இரண்டு கடை வாசலில் இல்லை. கோவிந்தன் தெருவுக்கே அறிவித்தான்: "கேட்டுக்குங்கப்பா! ஒரு சைக்கிள காப்பாத்த ரெண்டு சைக்கிள வித்துட்டான் இந்த ஆளு!"

"விக்கறதாவது, வாய்க் கொழுப்பு புடிச்சவனே! ரெண்டு கல்யாணம் பண்ணேன்னு சொல்லு" என்றார் சம்பந்தி. அவர் மீண்டும் பேசியதில் தெருவே நிம்மதி அடைந்தது.

கடைசியாக, தபால் நிலையத்தில் ஈ எறும்புகூட இல்லாத ஒரு மதிய வேளையில் பார்சலோடு வந்தார். தபால்தலை ஒட்டினேன், முத்திரையிட்டேன். படிவத்தில் மதிப்பு என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். மின்விசிறிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த தந்திச் சேவகரைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கவுன்டரின் கம்பிக்குள் முகத்தை நுழைத்து என் காதோடு ஒரு தொகையைச் சொன்னார். செயின் வீலின் உண்மையான விலை.

"அவ்ளோதான் மாப்ள சார் அது" என்றார். "நாலு பேருக்குத் தெரியவேணாம். அவ நல்லாருந்தா போதும்."

வாழ்நாள் முழுவதும் சபையில் தலைநிமிர்ந்து சீர் வைத்த மனிதர், பெண்ணுக்காக அந்தப் பெருமையை விட்டுக்கொடுத்தார். நான் அந்தத் தொகையை மிகச் சிறிய எழுத்தில், இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.

அதன்பின் பதில் வரும்வரை, வெளிநாட்டுத் தபால் பை வரும்போதெல்லாம் நான் என் இருக்கையை விட்டு எழுந்துபோய் அதைப் பிரிக்கும் இடத்தில் நிற்பேன். பட்டதாரி ஒருவர் செய்யவேண்டிய வேலை அல்ல அது. ஏன் என்று கேட்ட சக ஊழியரிடம், மேற்பார்வை என்றேன்.

ஒருநாள் அந்த உறை வந்தது. தபால்காரரிடம் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு தேரடி வீதிக்கு நடந்தேன். உள்ளே கடிதம் இல்லை. ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது. ஏதோ ஓர் ஏரிக்கரை, இலை துளிர்க்காத மரங்கள். நெட்டைத் துரை அந்தக் கறுப்பு வண்டியின்மேல், ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடல்மீதுமாக. புதுச் செயின் வீல் வெயிலில் பளபளத்தது. ஹேண்டில்பாரில் ஒரு ரவிக்கைத் துண்டு கட்டியிருந்தது.

கோவிந்தன் எட்டிப் பார்த்து, "அட, ஓடுதுய்யா!" என்று கத்திவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் டீ ஊற்றினான். காசு கேட்கவில்லை.

சம்பந்தி கையின் கிரீஸ் கறையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரமாகப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை படத்தில் படாமல் விரலை ஓட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் இளைச்சிட்டா, இல்ல மாப்ள சார்?"

இரும்பு இளைக்காது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துரைக்கப் போதுமான படிப்பும் என்னிடம் இருந்தது. படத்தை வாங்கி, நானும் வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன்.

"புது எடம், குளிரு ஜாஸ்தி" என்றேன். "பழகினா தேறிடுவா."