ஒரு செட் கைப்பிடி

கைப்பிடிக்காரர் கடைசியாக வியாபாரம் பேசியது போனில், சவப்பெட்டிக்காரரிடம்தான்.

"சரக்கு இல்லப்பா."

"ஒரே ஒரு செட்டுதான்யா. முதியோர் இல்லத்துக்கு நாளைக்குப் பெட்டி போகணும். போகலன்னா வேற கடையப் பாத்துக்குவாங்க."

"இருந்தாத்தானே தர?"

சவப்பெட்டிக்காரர் பல்லைக் கடித்தார். அவசரத்தை மோப்பம் பிடித்துவிட்டான், விலையை ஏற்றப் பார்க்கிறான். இந்த வித்தை அவருக்குத் தெரியாததா? போன மழைக்காலத்தில் வந்து இறங்கிய கைப்பிடிகளை, "வியாபாரமே இல்ல" என்று வாசலிலேயே நனையவிட்டு, விலையைக் குறைக்க வைத்தவர் அவர்தானே.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பலகை அறுத்த கையோடு அந்த ஆளின் கைப்பிடி அளவுக்கே துளை போட்டுவிடுவது அவர் வழக்கம்; வேறு கைப்பிடி பொருந்தாது.

மைத்துனருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, வெளியூர் வியாபாரி என்று சொல்லி, கைப்பிடிக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார் மைத்துனர்.

"என்ன மாப்ளே சொன்னான்?"

"அக்கா நல்லா இருக்காளான்னு கேட்டார் மாமா."

கடைத்தெருவில் வேறு கைப்பிடி வாங்கினார். துளை விலகியது. பக்கத்தில் புதுத் துளை போட்டார். பலகை நீளவாக்கில் பிளந்தது. பிளவில் பசையை ஊற்றினார். பெட்டி மேசையோடு ஒட்டிக்கொண்டது.

"பேசாம மேசையோடவே அனுப்பிடலாம் மாமா. நாலு காலு இருக்கு, தூக்க வசதி."

மறுநாள் காலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்கே கிளம்பினார். கைப்பிடிக்காரர் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. ஆட்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

"விடியக்காலைலண்ணே, தூக்கத்துலயே," என்றாள் கைப்பிடிக்காரரின் மனைவி. "நீங்கதான் பெட்டி செஞ்சு தரணும்."

"செஞ்சுடலாம் தங்கச்சி. அவசர ஆர்டர்னா மட்டும் ரேட்டு கொஞ்சம்..."

பழக்கத்தில் வாய் ஓடிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய், பழைய துண்டில் சுற்றிய ஒரு செட் கைப்பிடியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"அப்ப சரக்கு இருந்துச்சா!"

"போன மாசமே பட்டறைய மூடிட்டார்ணே, யாருக்கும் சொல்ல வேணாம்னார். டாக்டர் கைய விரிச்சதும் இந்த ஒரு செட்ட மட்டும் தனக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்டார். 'அவன்கிட்ட குடுத்தா, எனக்கே ரெண்டு மடங்கு விலைக்குத் திருப்பி விப்பான்'னார்."