நாற்பத்தொன்றாம் பக்கத்து டிராகன்

ஆயர் ஈத்தாம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

மதிப்பிற்குரிய அண்ணன் பாக்கியநாதன் அவர்களுக்குத் தங்கை சவுந்தரம் பணிவோடு எழுதுவது.

இங்கே நானும் மகள் எவ்லினும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எவ்லினுக்குக் கோபம் கட்டுக்குள் இல்லை, மற்றபடி குறை ஒன்றுமில்லை. அங்கே அண்ணியின் முழங்காலும் உங்கள் கோழிகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் நீளமாக எதை அனுப்பினாலும் நீங்கள் படிக்காமல் ஒரு ரோஜாப்பூவை அனுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து போன மாதம் பினாங்குக்கு வந்தபோது பேருந்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். நான் போனில் யாரிடமோ, "செத்தவன் செத்தவன்தான், அவன எழுப்ப விடமாட்டேன். டிராகன் வாயத் தொறந்தா அவ்ளோதான்" என்று சொன்னதைக் கேட்டு, போக வேண்டிய இடம் வருமுன்னே நடுவழியில் இறங்கிவிட்டாராம். அவர் சொன்னதை வைத்து நான் மாந்திரீகத்தில் விழுந்துவிட்டேன் என்று நீங்கள் முடிவு கட்டி, என் பேருக்குப் பூசை ஒப்புக்கொடுத்ததோடு, ஜெபக் குழுவையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாக அண்ணி சொன்னார். பூசை இருக்கட்டும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. குழு வேன் ஏறுவதற்கு முன்னால் நடந்ததை என் வாயால் கேளுங்கள். கேட்டால் நீங்களும் என்னைப்போல் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நடப்பீர்கள்.

முப்பத்தொரு வருடம் பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சில்லுகளைப் பார்த்து, நல்லதைப் பாஸ் என்றும் பழுதை ரிஜெக்ட் என்றும் பிரித்துப் போட்டவள் நான். வேலை ஓய்ந்த பிறகு பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் வீட்டு அரிசியை ஆராய்ந்தேன், எவ்லின் சட்டையின் தையலை ஆராய்ந்தேன், அவளைப் பார்க்கத் தோழிகள் வந்தால் அவர்களையும் ஆராய்ந்தேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவள் என் போனை வாங்கி ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். "அம்மா, இதுல நாப்பது பேருக்கு மேல இருக்காங்க. தப்பு கண்டுபிடிக்கணும்னா அவங்ககிட்ட கண்டுபிடிங்க. என்னைய விட்டுருங்க லா" என்றாள்.

அந்தக் குழுவின் பெயர் ஒன்பதாம் கரை. அது பூமியில் இல்லாத ஒரு நாடு. அதை உண்டாக்கியவள் நூர்ஜான் என்ற பெண்; இங்கே பசார் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் ஏற்றும்வரை வேனிலேயே உட்கார்ந்து, போனில் தட்டித் தட்டி ஆறு வருடத்தில் ஒரு நாட்டைக் கட்டியிருக்கிறாள். சேருகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் படைத்தலைவர், ஒருவர் மூலிகைக்காரி. தன் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்று ஒருவர் எழுதிப் போட்டால் அதற்கு அடுத்தவர் தன் பாத்திரத்தின் பதிலை எழுதுவார், இப்படியே கதை ஓடிக்கொண்டிருக்கும், முடிவே கிடையாது. நான் சேர்ந்த முதல் நாள் விவரம் தெரியாமல் "அனைவருக்கும் இனிய காலை வணக்கம்" என்று ஒரு மல்லிகைப் படத்தைப் போட்டேன். அங்கே அப்போது கோட்டை முற்றுகை நடந்துகொண்டிருந்தது. படைத்தலைவர் ஒரு நிமிடம் போரை நிறுத்திவிட்டு எனக்கு வணக்கம் சொன்னார். அந்த மரியாதையில் விழுந்தவள்தான் அண்ணே, இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது நான் ஒரு துறைமுகத்தின் சுங்க அதிகாரி. என்னைக் கேட்காமல் ஒரு மூட்டை கரையிறங்க முடியாது.

அந்த நாட்டுக்கென்று நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் சட்டமும் சரித்திரமும் இருக்கிறது. லோர் என்பார்கள். எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடும், எந்த அரசன் எப்போது இறந்தான், வானத்தில் எத்தனை நிலா, எல்லாம் அதில் உண்டு. நாற்பத்து நான்கு பேரில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். நூர்ஜான் பூரித்துப்போய் என்னை லோர் காவலராக நியமித்தாள். இனி யார் எழுதினாலும் நான் பார்த்து அனுமதித்த பிறகே கதையில் சேரும். அண்ணே, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் வாரத்திலேயே பத்தொன்பது ரிஜெக்ட். ஒருவன் வடக்கு ஆற்றில் மீன் பிடித்தான். அது முந்நூறு வருடத்துக்கு முன்னால் வற்றிய ஆறு, மீனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். இறந்த மந்திரியை ஒருத்தி உயிரோடு எழுப்பப் பார்த்தாள். பேருந்தில் பிச்சைமுத்து கேட்டது அந்த மந்திரி விவகாரத்தைத்தான்.

டிராகன் விவகாரம் வேறு. ரூபினி என்று ஒருத்தி எட்டு மாதமாகக் குழுவில் இருந்தும் ஒரு வரி எழுதியதில்லை, எல்லாவற்றையும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒரு வியாழக்கிழமை முதல் முறையாக எழுதினாள். துணி வெளுக்கும் பெண் ஒருத்தி மலைமேல் போகிறாள், அங்கே மூவாயிரம் வருடமாகப் படுத்திருக்கும் டிராகன் அவளிடம் பேசத் தொடங்குகிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். "டிராகன்கள் பேசுவதில்லை. பேசி எந்தக் காதும் கேட்டதில்லை" என்று தெளிவாக இருந்தது. "ரிஜெக்ட். பக்கம் 41" என்று சிவப்பில் போட்டுவிட்டு மீன் ஆயப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ரூபினி குழுவை விட்டே போய்விட்டாள்.

மறுநாள் கலகம். அரசனாக எழுதுகிற ஷர்வின், எவ்லினோடு வேலை செய்கிற பையன், "டிராகனுக்கே பேச்சுரிமை இல்லாத நாட்டை ஆள மாட்டேன்" என்று முடிதுறந்து, கோட்டைச் சாவியையும் எடுத்துக்கொண்டு பதினேழு பேரோடு வெளியேறினான். அவர்கள் கட்டற்ற கரை என்று வேறு குழு தொடங்கிவிட்டார்கள். அங்கே லோரே கிடையாது, யாரும் எதையும் எழுதலாம். மீதியிருந்த இருபத்துச் சொச்சம் பேர் என்னைக் கண்டு நடுங்கினார்கள். "என் பாத்திரம் தும்மலாமா, லோரில் தும்மல் உண்டா" என்று ஒருவர் அனுமதி கேட்டார். மூலிகைக்காரி ஐந்து நாள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்லினுக்கு வேலையிடத்தில் யாரும் முகம் கொடுக்கவில்லை. "எங்கம்மா ஒரு ராஜாவ வெரட்டிட்டாங்கன்னு கேன்டீன்ல பேசிக்கிறாங்கம்மா" என்றாள்.

நூர்ஜான் வேனை எங்கள் பிளாட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை. "அக்கா, நீங்க சொன்னது லோர்படி சரிதான். ஆனா அந்தப் புள்ள எட்டு மாசமா யோசிச்சு மொத தடவையா எழுதுனிச்சு. நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க."

"மூணு வார்த்தை. ரிஜெக்ட், பக்கம், நாப்பத்தொண்ணு" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது.

அவள் வேன் சாவியைக் கையில் எடுத்தாள். பிறகு, "லோர் இல்லன்னா நாடு இல்ல. எழுத ஆள் இல்லன்னாலும் நாடு இல்ல. இப்படியே போனா இந்த மாசத்தோட கரைய மூடிரலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள். ஆறு வருட நாடு அண்ணே. என் ஒரு சிவப்பு எழுத்தால் கடலுக்குள் போகப் பார்த்தது. அவளுக்குப் போன் போட்டு ரூபினி எங்கே இருப்பாள் என்று கேட்டேன். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பசாருக்குப் பின்னால் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் இருப்பாள் என்றாள்.

வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வாழைப்பழம் ஒரு சீப்பும் ஆரஞ்சு ஆறும் வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே தாதி பையைத் திறந்து பார்த்து, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பழங்களில் முதலாவதும் இரண்டாவதும் எப்படித் தேடிப் பிடித்து வாங்கினீர்கள் என்று கேட்டுப் பையை எடுத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் ரிஜெக்ட் ஆனது அதுதான் முதல் தடவை. ரூபினி முப்பத்தாறு வயதுக்காரி, காப்புறுதி அலுவலகத்தில் பாதி நேர வேலை. இடக்கையில் இயந்திரக் குழாய் மாட்டியிருந்தது, வலக்கையில் போன். அந்த ஒற்றைக் கட்டைவிரலால்தான் டிராகனை எழுதியிருக்கிறாள்.

நான் பெயரைச் சொன்னதும், "நீங்கதானே அந்த ரிஜெக்ட் ஆண்ட்டி" என்றாள்.

"ஆமா."

"இப்ப பாவம் பாத்து பாஸ் போட வந்தீங்களா? வேணாம். கதையப் பாத்து போடறதா இருந்தா போடுங்க."

"பாஸ் போட வரல. நாப்பத்தொண்ணாம் பக்கம் அப்படியேதான் இருக்கு. டிராகன் எதுக்குப் பேசணும்னு கேக்க வந்தேன்."

அவள் போனை மார்மேல் வைத்தாள். "இத அன்னைக்கே கேட்டிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம் இங்க படுத்திருக்கேன். வர்றவங்க எல்லாரும் எனக்குச் சொல்றாங்க. தண்ணி கொறச்சுக் குடி, உப்பு போடாத, கைய ஆட்டாத. அந்த டிராகனும் மூவாயிரம் வருஷமா சும்மா படுத்திருக்கு, எல்லாரும் அதச் சுத்தி நின்னு பேசிட்டுப் போறாங்க. அதுக்கும் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கும்ல ஆண்ட்டி."

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் போனில் எடுத்து வாய்விட்டுப் படித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த இப்ராஹிம் என்ற பெரியவர், "பேசட்டுமே லா, யாருக்கு சுசா" என்றார். யாருக்கும் சிரமம் இல்லைதான், ஆனால் ஒரு டிராகனுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குக் குதிரையும் பேசும் என்று நான் சொல்ல, நாங்கள் மூவரும் இயந்திரம் நிற்கும்வரை வாதாடினோம். ஊசியை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு ரூபினி சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் கையில் கட்டுக்கு மேலே, முழங்கைக்குக் கிட்டே வைத்தாள். அண்ணே, உள்ளே பூனை உறுமுவது மாதிரி ஓர் அதிர்வு. இரத்தம் வேகமாக ஓட மருத்துவர்கள் அங்கே இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்களாம்.

"தினமும் காலையில கை வச்சுப் பாப்பேன். அதிர்ந்தா நல்லாருக்குன்னு அர்த்தம்" என்றாள். "காதுல ஏதாச்சும் கேக்குதா ஆண்ட்டி?"

கேட்கவில்லை. கையில்தான் கேட்டது. அந்த நிமிடம்தான் எனக்குப் பிடிபட்டது. நாற்பத்தொன்றாம் பக்கத்தின் முதல் வாக்கியம் முடிவு, இரண்டாவது வாக்கியம் சோதனை. சோதித்தவர்கள் எல்லாரும் காதை வைத்துத்தான் சோதித்திருக்கிறார்கள். டிராகன்மேல் கையை வைத்துப் பார்க்க எவனுக்கும் தைரியம் வரவில்லை. சோதனையே பாதி என்றால் முடிவு எப்படி முழுசாகும்? தொழிற்சாலையில்கூட பாஸ், ரிஜெக்ட் தவிர மூன்றாவதாக ஒரு தட்டு உண்டு, ரீவொர்க், சரி செய்து திரும்ப அனுப்புவது. முப்பத்தொரு வருடம் கையாண்ட தட்டை நான் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "உன் வெளுக்கிற பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு எழுதும்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் கட்டைவிரல் ஓட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே குழுவுக்கும் திரும்பிவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் அது கதைக்கு வந்தது. நூர்ஜானுக்கு வேன் ஓட்டம் இல்லை, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நானும் அவளும் எவ்லினும் ஒரு திரைக்கு முன்னால். வெளுக்கும் பெண் மலையேறினாள். படைத்தலைவர் அவளைத் தடுக்கப் போய் வழுக்கி விழுந்தார். அவள் டிராகனின் கழுத்தில் கையை வைத்தாள். எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். மூவாயிரம் வருடத்தில் ஒரு டிராகன் மனிதருக்குச் சொன்ன முதல் வார்த்தை என்ன என்று நினைக்கிறீர்கள்? "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சொறி."

நூர்ஜான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் இருநூறு பதிவுகள். மூலிகைக்காரி நடக்க ஆரம்பித்தாள். நடுவில் ஷர்வின் எனக்குத் தனியாகப் போன் போட்டான். "ஆண்ட்டி, நாங்க திரும்பி வரலாமா? அங்க எல்லாருமே ராஜாவா ஆயிட்டாங்க. யாரும் சாக மாட்றாங்க. கதவத் தொறக்கக்கூட ஆள் இல்ல."

"வா தம்பி. ஆனா முடிதுறந்தது கதையில பதிவாயிருச்சு. கடல் வழியா வந்து என் சாவடியில வரிசையில நில்லு" என்றேன். நின்றான். பதினேழு பேரும் நின்றார்கள். சாவியைப் பறிமுதல் செய்துவிட்டு உள்ளே விட்டேன். கரையை மூடும் பேச்சை நூர்ஜான் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இப்போதெல்லாம் யார் எழுத்து லோருக்கு இடித்தாலும், சிவப்புக்கு முன்னால் "எதற்கு?" என்று ஒரு கேள்வியைத்தான் போடுகிறேன். பாதிப் பேர் காரணம் சொல்கிறார்கள், அதில் ஒரு வழி பிறக்கிறது. மீதிப் பேர், "சும்மாதான் ஆண்ட்டி" என்கிறார்கள். அவர்களுக்கு ரிஜெக்ட்தான்.

ஆகவே இதில் மந்திரமும் இல்லை, சாத்தானும் இல்லை என்று பிச்சைமுத்துவிடம் சொல்லுங்கள். ஜெபக் குழுவினர் சும்மா வந்தால் மதியச் சாப்பாடு உண்டு. அண்ணி முழங்காலுக்கு எண்ணெய் போட மறக்க வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் வீட்டையும் கோழிக்கூட்டையும் காக்கட்டும். உங்கள் ஆசீரை எதிர்பார்த்து,

என்றும் கீழ்ப்படிதலுள்ள தங்கை (எவ்லின் இந்த வரியைப் பார்த்துச் சிரிக்கிறாள்),
சவுந்தரம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நூர்ஜான் போன் செய்தாள். வீட்டில் பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்ததாம். ஆறு வருடத்துக்கு முன் அவள் கையால் எழுதிய லோர். அதில் இருப்பது "டிராகன்கள் பொய் பேசுவதில்லை. பேசி எந்தக் காதும் கேட்டதில்லை" என்பதுதானாம். வேனில் உட்கார்ந்து போனில் தட்டியபோது "பொய்" விழுந்துவிட்டது. அதாவது எந்தக் காதும் கேட்காதது பொய்யைத்தான்; ஒன்பதாம் கரையில் டிராகன்கள் ஆதியிலிருந்தே தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. ரூபினி முதல் நாள் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. இதை அவளிடம் யார் சொல்வது என்று போனிலேயே சீட்டுக் குலுக்கினோம். நூர்ஜான்தான் எழுதினாள், நூர்ஜான்தான் மடித்தாள், நூர்ஜான்தான் எடுத்தாள். என் பெயர் வந்திருக்கிறதாம்.