அறுபது கிலோ அற்புதம்

அந்தப் பழைய ஐஸ் தொழிற்சாலைக்கு இப்படியொரு யோகம் அடிக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. ஐஸ் செய்த காலத்தில் ஆள் எட்டிப் பார்க்காத வாசலில் இப்போது காலை ஆறு மணிக்கே வரிசை. வயிற்றைக் கிழித்தவர், இடுப்பெலும்பை மாற்றியவர், முதுகில் கம்பி வைத்தவர், நெஞ்சைப் பிளந்து தைத்தவர் என்று தையல் போட்ட உடம்புகளின் மாநாடு. ஆளுக்கொரு எக்ஸ்ரே உறை கக்கத்தில். மூளையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

உள்ளே இருப்பவர் பெயர் நிழலெடுப்பார். அவருடைய கண்டுபிடிப்பு மிக எளிமையானது. டாக்டர் அறுத்துவிட்டுக் கத்தியை எடுத்துவிடுகிறார். கத்தியின் நிழல் உடம்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டே இருப்பதால்தான் ஆற மாதக்கணக்காகிறது. கறுப்புக் கல்லால் தடவி அந்த நிழலை உறிஞ்சிவிட்டால் ஏழே நிமிடத்தில் ஆள் பழைய ஆள்! பத்து வருடம் படித்த டாக்டர்கள் கோட்டை விட்டதை இவர் படிக்காமலே பிடித்துவிட்டார்.

அத்தாட்சி வேண்டுமா? மேடையில் ஒரு கோணி மூட்டை. அதன்மேல் கொட்டை எழுத்தில் '60 கிலோ'. நிழல் போனவர் அதைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டுவார். இருமினால் தையலைப் பிடித்துக்கொள்கிறவர்கள்கூடத் தூக்கினார்கள்! இறங்கும்போது மாத்திரைகளை ஒரு டிரம்மில் கொட்டிவிட வேண்டும். அறுபது கிலோ தூக்குகிறவனுக்கு மாத்திரை எதற்கு?

இந்தச் செய்தியைச் சுமைக்காரர் வீட்டுக்குச் சுமந்து வந்தவன் அவருடைய மச்சான், லாரி டிரைவர்.

சுமைக்காரருக்கு நெஞ்சைப் பிளந்து ஒன்பது வாரம். கிடங்கில் இருபத்தாறு வருடம் மூட்டை ஏற்றியவர். இப்போது தண்ணீர்க் குடத்தின் பக்கம் போனாலே மனைவி முறைக்கிறாள். காலையும் மாலையும் தெருமுனை வரை நடை. அப்புறம் மூன்று உருண்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவின் குழாயில் மூச்சை இழுக்க வேண்டும். ஒன்பது வாரமாகியும் மூன்றாவது உருண்டை அசைந்து கொடுக்கவில்லை. இது போதாதென்று, கிடங்கில் அவரோடு ஜோடி போட்டு மூட்டை பிடித்தவன் இப்போது வேறொருவனோடு ஜோடி போட்டுவிட்டானாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தையலை விட அதுதான் வலித்தது.

"மாமா, டாக்டர் மூணு மாசங்கிறாரு, அப்புறமும் மெதுவாங்கிறாரு. இவரு ஏழு நிமிஷங்கிறாரு. நாளைக்கே கிடங்குக்குப் போயிடலாம்!" என்றான் மச்சான்.

"சுவத்துல பூசுன சிமெண்டே ஏழு நிமிஷத்துல காயாது. எலும்பு கூடிடுமாக்கும்!" என்றாள் மனைவி. அதே கிடங்கில் மூட்டைக்கு வாய் தைப்பவள்.

"உனக்கு எதுலதான்டி நம்பிக்கை இருக்கு?"

"ஊசியில. தைச்சா தைக்கும், அசந்தா குத்தும். ரெண்டையும் கண்ணால பார்க்கலாம்."

"அக்கா எப்பவும் இப்படித்தான்."

"நீ வாயை மூடு. என்னங்க, போக வேணாம்னா எனக்குத் தெரியாம போவீங்க. வாங்க, நானும் வர்றேன்."

மறுநாள் கூடத்தில் முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது. வயிற்றில் தையல் போட்ட ஒரு பெயிண்டர் மூட்டையைத் தூக்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இறக்கிப் போட்டார்.

"என்னங்க, அந்த மூட்டையைப் பாருங்க."

"பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

சுமைக்காரர் மூட்டையை இன்னொரு தடவை அளந்தார். அறுபது கிலோ தோளில் ஏறினால் கழுத்து உள்ளே போகும், பாதம் பரந்து தரையைப் பிடிக்கும். இறக்கினால் மூட்டை தரையில் வயிறு சரிந்து உட்காரும். இந்த மூட்டையோ நாலு மூலையும் விறைப்பாக, பரிசு வாங்கிய மாணவன் மாதிரி நின்றது. முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது அறுபது கிலோவாக இருக்க வேண்டுமே! தெரிந்ததை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் முறை வந்தது. சட்டைப் பொத்தான்களைக் கழற்றி நின்றார். நிழலெடுப்பார் தழும்பின் மேல் கல்லை உருட்டினார். கண்ணை உருட்டினார். உறுமினார்.

"போயிடுச்சு! தூக்குப்பா! நாளைக்கு வேலைக்குப் போ!"

டிரம் அருகே வந்தது. சுமைக்காரர் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். இதைத் தூக்கினால் இன்றைக்குக் கைதட்டல். நாளைக் காலை கிடங்கில் இருக்கும் மூட்டை நிஜ மூட்டை. அது இந்த நெஞ்செலும்பை விட்டுவைக்குமா?

அதற்குள் மனைவி மேடையில் ஏறிவிட்டாள்.

"ஐயா, அதை நான் தூக்குறேன்."

"உன் உடம்புல நிழல் எடுத்திருக்கா?"

"இல்லீங்க. அதனால என்னால முடியாது. முடியலைன்னா உங்களுக்குத்தானே பெருமை?"

கூட்டம் சிரித்தது. "தூக்கட்டும் விடுங்க!" என்றது ஒரு குரல்.

"பொம்பளை தொட்டா மூட்டையோட சக்தி போயிடும்!" என்று பதறினார் நிழலெடுப்பார்.

"சக்தி போகட்டும் ஐயா. எடை எங்க போகும்?" என்றவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. இருபத்தாறு வருஷம் தூக்கினவரு. இது எத்தனை கிலோ?"

கூடமே அவர் வாயைப் பார்த்தது. கிடங்கு, ஜோடிக்காரன், ஏழு நிமிடம் எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்கின. சுமைக்காரர் மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார்.

"மூணு கிலோ. சாக்கையும் சேர்த்து."

அவள் இரண்டே விரலால் மூட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"நம்பிக்கை இல்லாதவங்க வந்ததால எடை குறைஞ்சு போச்சு!" என்று கத்தினார் நிழலெடுப்பார். வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கும் பத்துப் பேர் தலையாட்டினார்கள்.

மூட்டை வாயில் இருந்தது சங்கிலித் தையல். சரியான முனை தெரிந்தவர் இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அவளுக்குத் தெரியாத முனையா? இழுத்தாள். உள்ளேயிருந்து தெர்மாகோல் துண்டுகள் பொலபொலவென்று கொட்டின. மின்விசிறிக் காற்றில் பறந்து முன்வரிசைப் பக்தர்களின் தலையில் உட்கார்ந்தன.

அப்புறம் நடந்ததுதான் நிஜமான அற்புதம். நடக்க முடியாதவர்களெல்லாம் மாத்திரை டிரம்மை நோக்கி ஓடினார்கள். "இது என் பிரஷர் மாத்திரைய்யா!" "இல்ல, என் சர்க்கரை மாத்திரை!" என்று ஒரே பிடுங்கல். பின்வாசல் வழியே ஓடப்பார்த்த நிழலெடுப்பாரைப் பெயிண்டர் ஒரு கையால் தன் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

சுமைக்காரர் மெதுவாக வெளியே வந்தார். வாசலில் வரிசை அப்படியே நின்றது. விஷயத்தைச் சொன்னார். இடுப்பெலும்பு மாற்றிய ஒருவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"பரவாயில்லைங்க. லேசான மூட்டையா இருந்தாலும், ஒரு தடவை தூக்கிட்டுப் போயிடறேன்."

"அண்ணே," என்றார் சுமைக்காரர், "டாக்டர் உங்க இடுப்புக்குத்தான் ரெஸ்ட் கொடுக்கச் சொல்லியிருப்பாரு. மூளைக்கில்ல."